வேண்டாம் என்பதற்குப் பிரெஞ்சில்

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் பட்டாளம், அது வாய்க்காவிட்டால் போலீஸ். அப்பா சுபேதாராக ரிட்டயர் ஆனவர். அண்ணன் காக்கிச் சட்டையில் இருக்கிறான். நான் ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது "சின்னவன் என்ன செய்யுதான்?" என்று கேட்டால் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு "வாத்தியாரா இருக்கான்" என்பார். என்ன பாடம் என்று அடுத்த கேள்வி வந்துவிடக் கூடாதே என்று அவர் பந்திப் பக்கம் நகர்வதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் யாரும் பிரான்ஸுக்குப் போகிறவர்கள் இல்லை. பிளஸ் டூவில் தமிழ் எடுத்தால் மார்க் குறையும், பிரெஞ்சு எடுத்தால் அள்ளலாம் என்பது இங்கே பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்ட எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்த விஷயம். நானும் அப்படிப் பிரெஞ்சு எடுத்தவன்தான். மார்க் வந்தது. வேறு எதுவும் வரவில்லை என்பதால் தபால் வழியில் அதையே மேலும் படித்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம்கூட நான் வாயைத் திறந்து பேசியதில்லை. பரீட்சைக்கு அது தேவைப்படவும் இல்லை.

என் வகுப்பு எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. போர்டின் நடுவில் ஒரு கோடு போடுவேன். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் பிரெஞ்சு. பழம், காய், சொந்தபந்தம், வாரத்தின் கிழமைகள் என்று சாதாரண வார்த்தைகளில் ஆரம்பித்து, கடையில் பேசுவது, வழி கேட்பது, அழைப்பை ஏற்பது, அழைப்பை மறுப்பது என்று போகும். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், வீட்டில் மனப்பாடம் செய்வார்கள், மறுநாள் ஒப்பிப்பார்கள்.

மரபுத்தொடர் பாடம் வந்தால் மட்டும் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். பேய்மழை என்றால் இங்கிலீஷ்காரனுக்கு வானத்திலிருந்து பூனையும் நாயும் விழுகின்றன. பிரெஞ்சுக்காரனுக்குக் கயிறு கயிறாக இறங்குகிறது. தொண்டை கட்டினால் இவன் தொண்டையில் தவளை, அவன் தொண்டையில் பூனை. நடக்கவே நடக்காத காரியம் என்றால் இவனுக்குப் பன்றி பறக்க வேண்டும், அவனுக்குக் கோழிக்குப் பல் முளைக்க வேண்டும். "வார்த்தையைக் கொண்டுபோகாதீங்க, அர்த்தத்தைக் கொண்டுபோங்க" என்று வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்லுவேன். பூனையையும் நாயையும் அப்படியே பிரெஞ்சில் எழுதிக்கொண்டு வருகிற பிள்ளையை எழுப்பி நிறுத்தி, வகுப்பே சிரிக்கும்படி கேலி செய்வேன். அந்தக் கேலிகளை நினைத்தால் இப்போது கன்னம் சுடுகிறது.

இந்தப் பிழைப்பில் தமிழுக்கு இடமே இல்லை. திட்டுவதற்கு மட்டும் தமிழ். அதனால் தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குப் போக எனக்குப் பழக்கமில்லை. மனசுக்குள் முதலில் இங்கிலீஷுக்குப் போய், அங்கிருந்துதான் பிரெஞ்சுக்குப் போவேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேர் பஸ் நிற்கும்போது சிவகாசி போய் மாறிப் போகிற கதை. போய்ச் சேர்ந்துவிடலாம், நேரம்தான் ஆகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் என் சித்திக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அம்மாவின் தங்கை. குடும்பத்திலேயே என் பிரெஞ்சை நினைத்துப் பெருமைப்பட்ட ஒரே ஆள் அவள்தான். காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகன், எனக்குத் தம்பி முறை, வேலைக்கென்று பிரான்ஸுக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், பதிவுக் கல்யாணமும் செய்துகொண்டு, அதன் பிறகு அம்மாவுக்குப் போன் செய்தவன். சித்தப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். சித்தி கொஞ்ச காலம் மகனோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பெண் போனில் வந்து, கற்றுக்கொண்ட ஓரிரு வார்த்தைத் தமிழில், "அத்தை, சாப்டாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். சித்தி அதோடு சரி. கோபமெல்லாம் கரைந்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு "எம் மருமவ சாப்பிட்டியான்னு கேக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்த சில நாட்களில் சித்தி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா ஒரு அத்தாட்சிக்கு இருக்கட்டும்லே. ஆதார்ல எம் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியல" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அங்கன எம்புட்டுக் குளிருமாம்?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போனால் முற்றத்தில் பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் காய்ந்துகொண்டிருந்தன. பேரப்பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், குளிப்பாட்டிச் சாம்பிராணி போட வேண்டும் என்று அவள் துடித்தது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

"அப்ப தம்பிகிட்ட வாரேன்னு சொல்லிர வேண்டியதுதான சித்தி?"

"எப்படிச் சொல்லச் சொல்லுத? பிரசவம்னா பொண்ணைப் பெத்தவ கையிலதான். அவிய கூப்பிடாம நானா போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

அவள் வீட்டிலிருந்து பார்த்தாலே வைத்தியநாத சாமி கோயில் கோபுரம் தெரியும். தாய் வந்து சேராத ஒரு கர்ப்பிணிக்கு அந்தச் சாமியே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்று சொல்வார்கள். நான் கோபுரத்தைக் காட்டி, "அவரு மட்டும் கூப்பிட்டா போனாரு?" என்றேன். "சாமிக்கு அழைப்பு வேண்டாம்லே. மனுஷிக்கு வேணும்" என்றாள்.

அந்த அழைப்பு வீடு தேடியே வந்தது. மருமகளின் அம்மா மதுரையும் ராமேஸ்வரமும் சுற்றிப் பார்க்க வருகிறார், ஒரு நாள் சம்பந்தி வீட்டுக்கும் வந்துவிட்டுப் போகிறார் என்று தம்பி போன் செய்தான். மகளால் அந்த நிலையில் பயணம் செய்ய முடியாது, தம்பி அவளுக்குத் துணை. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் அறவே வராது. "பேசும்போது எனக்குப் போன் போடு, நான் சொல்லுதேன்" என்றிருக்கிறான். சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. "நீ ஓம் வேலையைப் பாரு. இங்க அண்ணன் இருக்கான், அவனைவிடவா?" என்றுவிட்டாள். இதைச் சித்தி என்னிடம் சொன்னபோது நான் தடுத்திருக்கலாம். அதற்குப் பதில் முதல் நாளே போய் முடி வெட்டிக்கொண்டேன்.

அன்று சித்தி வீட்டு வாசலில் தெருவே நின்றது. வெள்ளைக்கார அம்மாவைப் பார்க்க என்று சொல்ல முடியாது, ஆண்டாள் கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நான் பிரெஞ்சு பேசுவதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கியவர் நரைத்த தலையும் மதுரையில் வாங்கிய பருத்திச் சுடிதாருமாக இருந்தார். நான் முன்னால் போய் வணக்கம் சொல்லி, வீட்டுக்கு வரவேற்று, பயணம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பாடப் புத்தகத்தின் முதல் பாடம். அவர் முகம் மலர்ந்து கடகடவென்று பதில் சொன்னார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கேசட்டில்கூட யாரும் இந்த வேகத்தில் பேசி நான் கேட்டதில்லை. என் முழியைப் பார்த்துவிட்டு அவரே நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னார். வெயில் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். அதில் பிரெஞ்சில் பேசினால் தமிழில் சொல்லும், தமிழில் பேசினால் பிரெஞ்சில் சொல்லும். வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "அது வேண்டாம், தப்புத் தப்பாகச் சொல்லும். நான்தான் இருக்கிறேனே" என்று பிரெஞ்சில் சொன்னேன். அந்த வாக்கியம் மட்டும் பிசிறில்லாமல் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனைப் பையில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "என்னமா பேசுதான்!" என்றார்.

சாப்பாடு இலை போட்டு நடந்தது. சித்தி பரிமாறினாள். இரண்டாம் தரம் சாதம் வைக்கப் போனபோது அந்த அம்மா இலையைக் கையால் மறைத்து, போதும், நன்றாகச் சாப்பிட்டேன், நன்றி என்றார்.

"போதுமாம் சித்தி."

"அப்படித்தான் சொல்லுவாவ. வச்சதும் இன்னும் போடுங்கன்னா கேப்பாவ? கையை எடுக்கச் சொல்லு."

அவர் கையை எடுப்பதற்குள் சாதம் விழுந்துவிட்டது. அதன் மேல் பருப்பு, நெய். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். என் பக்கம் சாய்ந்து, "உங்கள் சித்திக்கு வேண்டாம் என்ற சொல் மட்டும் காதில் விழாதோ?" என்று கேட்டார். "இங்கே அப்படித்தான்" என்றேன். அதற்கு மேல் விளக்க என் போர்டில் வார்த்தை இல்லை. அவருக்குப் புரிய வைத்திருக்க வேண்டிய நேரம் அதுதான். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

சாப்பிட்டு முடித்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது அவர் சித்தியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இதை நேரில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் வீட்டில் தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஒரு அறை இருக்கிறது. குழந்தை பிறக்கும் சமயத்தில் நீங்கள் அங்கே வந்து எங்களோடு தங்க வேண்டும். என் மகள் ஆசைப்படுகிறாள், நானும் ஆசைப்படுகிறேன்.

நான் தமிழில் சொன்னேன். சித்தியின் முகம் சிவந்து போயிற்று. முந்தானையை இழுத்துச் செருகினாள். பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"அய்யோ, எதுக்கு மதினி அம்புட்டுச் சிரமம்? அம்புட்டுத் தூரம் நான் வந்து என்ன செய்யப்போறேன்? இருக்கட்டும், வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் இதைக் கேட்டு, இவள் வர மறுக்கிறாள் என்று நினைக்காது. கூப்பிட்டதும் கிளம்பிவிடுவது மரியாதை இல்லை. ஒரு தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கூப்பிட்டவர் அதெல்லாம் முடியாது, வந்தே தீர வேண்டும் என்று சொல்ல வேண்டும், இன்னொரு தரம் தயங்க வேண்டும், அதன் பிறகு சரி என்று சொல்ல வேண்டும். ஒரு காபிக்கே இங்கே அப்படித்தான். நானே பிறந்ததிலிருந்து அப்படித்தான் குடித்து வருகிறேன்.

ஆனால் அந்த நிமிஷம் என் மனசு எங்கே இருந்தது? அழைப்பை மறுத்தல் பாடத்தில் இருந்தது. அந்தப் பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். நன்றி சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கடைசியில் வர இயலாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்றும் இருந்தால் முழு மார்க். வாயைத் திறந்தேன், தண்ணீர் மாதிரி வந்தது. உங்கள் அன்புக்கு மிக்க நன்றி, நீங்கள் சிரமப்பட வேண்டாம், அவ்வளவு தூரம் என்னால் வர இயலாது. வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் இங்கிலீஷ் இல்லாமல், தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்கு. சிவகாசி போகாமலே வந்து சேர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அந்த அம்மா சித்தியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு, புரிகிறது, நான் வற்புறுத்த மாட்டேன் என்றார்.

"அவியளுக்குப் புரியுதாம் சித்தி. வற்புறுத்த மாட்டாவளாம்."

"என்ன புரியுதாம்?"

"நீங்க சொன்னதுதான்."

சித்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு பால்கோவா எடுத்து வர உள்ளே போனாள். திரும்பி வர நேரமாயிற்று.

சாயங்காலம் ஆண்டாள் கோயிலுக்குப் போனோம். சித்தி அந்த அம்மாவின் பக்கத்தை விட்டு விலகவே இல்லை. பிரகாரத்தில், சன்னதியில், வெளியே பூக்கடையில், அவர் எங்கே நின்றாலும் தோளோடு தோளாக நின்றாள். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சித்தி சட்டென்று என் பக்கம் திரும்புவாள். கோபுரம் எவ்வளவு உயரம் என்கிறார், இந்தப் பூவுக்கு என்ன பெயர் என்கிறார் என்று நான் சொல்லுவேன். நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். கார் கிளம்பும்போது சித்தி கதவுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துப் போங்க மதினி... பொறவு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான், பத்திரமாகப் போய் வாருங்கள் என்று மொழிபெயர்த்தேன். பொறவு என்பதை விட்டுவிட்டேன். கார் நகர்ந்த பிறகுதான் சித்தி கையை எடுத்தாள்.

ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறியபோது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அன்று பேசிய வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றிலும் பிழை இல்லை.

வீட்டில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூட்டுவலியால் அவள் அன்று வரவில்லை, அதனால் ஒன்று விடாமல் கேட்டாள். நானும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"கூப்பிட்டாளா! நல்லாருப்பா. எத்தனை வாட்டி கூப்பிட்டா?"

"ஒரு வாட்டி."

"ஒரு வாட்டியா? தங்கச்சி என்ன சொன்னா?"

"எதுக்குச் சிரமம், வேண்டாம்னு சொன்னா."

"அதான சொல்லுவா. நீ அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"வரலையாம்னு சொன்னேன்."

அம்மாவின் கை நின்றது. "ஏலே" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார் கண்ணாடியைப் பிடித்திருந்த கை கண்ணுக்கு முன்னால் வந்தது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

உறைத்ததும் எனக்கு வந்தது கோபம். என் குணம் அப்படி. "வரணும்னு ஆசை இருந்தா வாரேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? எதுக்கு இந்த நடிப்பு?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"கூப்பிட்ட வாய் மூடுமுன்ன பொறப்பட்டா பறக்காவெட்டின்னு நெனைக்க மாட்டாவளா? அந்தம்மாவுக்குத் தெரியாது, சரி. ஒனக்குமா தெரியாது? ஒனக்குத் தெரியும்னுதான ஒன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டா?"

அந்தப் போனில் இருக்கும் மெஷினைக் கேட்டிருந்தாலும் அது நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கும். அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு அதன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். மெஷினுக்குச் சித்தியைத் தெரியாது. பாஸ்போர்ட்டுக்கு அதுவா கூடப் போயிற்று?

மறுநாள் வகுப்பை ரத்து செய்துவிட்டு அந்த அம்மாவுக்கு ஒரு செய்தி எழுதினேன். வழக்கம்போல முதலில் இங்கிலீஷில் எழுதி, பிறகு பிரெஞ்சில் மாற்றினேன். சித்தி வர ஆசைப்படுகிறாள், அவள் சொன்ன வேண்டாம் மரியாதைக்குச் சொன்னது, எங்கள் ஊரில் மூன்று தரமாவது கேட்க வேண்டும், தவறு என்னுடையது. அவரிடமிருந்து உடனே பதில் வந்தது. அவருடைய வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் வற்புறுத்துவது அவரை அவமதிப்பதாகுமாம். மதித்துத்தான் விட்டுவிட்டேன், மனசு வருத்தமாகத்தான் இருந்தது என்று எழுதியிருந்தார். ஊர் திரும்பியதும் வீடியோவில் வந்து திரும்பக் கேட்பதாகச் சொன்னார்.

அந்த நாளுக்குச் சித்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். போனில் அந்த அம்மாவும் மருமகளும் வந்தார்கள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். நீங்கள் வர வேண்டும் என்றார், நான் தமிழில் சொன்னேன். சித்தி, "எதுக்கு மதினி..." என்று ஆரம்பிக்கும் முன்பே, கட்டாயம் வர வேண்டும் என்றார். அடுத்த மூச்சில், நீங்கள் வந்தே தீர வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனசோடு, ஒப்பிக்கிற பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

சித்தி அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டாள். போனைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல், "நீ சொல்லிக் குடுத்தியாலே?" என்று என்னைக் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்து, "ஆகட்டும் மதினி, பாப்போம்" என்றாள்.

ஆகட்டும் பாப்போம் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அந்த அம்மாவும் மருமகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்கலாம் என்கிறார் என்றேன். அவர்கள் கைதட்டினார்கள். மருமகள், "அத்தை, வாங்க, வாங்க" என்றாள். சித்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

போனை வைத்த பிறகு நான் சித்தியின் முகத்தைப் பார்க்காமல் பேசினேன். "அவிய மொதல்லயே மனசாரத்தான் கூப்பிட்டாவ சித்தி. நான்தான் கெடுத்தேன்."

"தெரியும்லே. அன்னைக்கு எங் கையைப் பிடிச்சாள்ல, அது பொய்யில்ல." அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆனா வேண்டாம்னு சொன்னவள்னு ஆயிப்போச்சு. இப்ப நீ சொல்லிக் குடுத்து, அவ ஒப்பிச்சு, நான் போயி அந்த வீட்டுல உக்காந்தா, என்னைப் பாக்கும்போதெல்லாம் பாவம்னுதான் தோணும். அதுக்குப் பேரு அழைப்பா?"

தம்பி பல தரம் போனில் மன்றாடினான். சித்தி ஒரு தடவை வீட்டைப் பூட்டிப் போட முடியாது என்றாள், ஒரு தடவை அந்தக் குளிர் தனக்கு ஆகாது என்றாள். அம்மா போய்ச் சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை. இடித்துச் சலித்து வைத்திருந்த பிரசவ மருந்து எதிர் வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்குப் போயிற்று. பாஸ்போர்ட் வந்தபோது அதைத் திறந்து என்னிடம் காட்டினாள். "இதுல மூஞ்சி நல்லா விழுந்திருக்கு, பாரு" என்றாள்.

இந்த வருஷம் மரபுத்தொடர் பாடத்தில் ஒரு பெண் வழக்கம்போலப் பூனையையும் நாயையும் அப்படியே பிரெஞ்சில் எழுதிக்கொண்டு வந்தாள். மற்ற பிள்ளைகள் நான் ஆரம்பிக்கப்போகிறேன் என்று சிரிக்கத் தயாராகி என்னைப் பார்த்தார்கள். நான் அவளை எழுப்பவில்லை. அழைப்பை மறுத்தல் பாடத்தை மட்டும் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. செய்தி கேட்டு நான் மடவார் வளாகத்துக்குப் போனேன். சித்தி நாற்காலியில் உட்கார்ந்து போனில் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் பெரிதாக்கி, காதைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். "சித்தப்பா நெத்தி" என்று என்னிடம் காட்டினாள். தலையை யார் உருவிவிடுகிறார்களோ, எண்ணெய் வைக்கிறார்களோ இல்லையோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"காபி குடிக்கியாலே?"

"வேண்டாம் சித்தி, இப்பதான் குடிச்சிட்டு வாரேன்."

குடிக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கேதான் வந்திருந்தேன். அந்த வீட்டில் நான் எத்தனையோ தரம் சொன்ன வார்த்தை அது. சொல்லி முடிப்பதற்குள், "சும்மா கெட, வந்ததே எப்பவோ ஒரு நாளு" என்ற அதட்டலும் பின்னாலேயே டம்ளரும் வந்துவிடும்.

"சரி" என்றாள் சித்தி. மறுபடியும் போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுப்பில் பால் பொங்கி அடங்கும் மணம் வந்துகொண்டிருந்தது. அவள் இன்னொரு தரம் கேட்பாள் என்று நான் பஸ்ஸுக்கு நேரமாகும் வரை உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்கவில்லை.